மழையைக் கூப்பிட்டவன்

அசோகன் பாடியதால்தான் மழை வந்தது என்று முதலில் சொன்னவள் ராசம்மாள். திங்கட்கிழமை காலையில், உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டு, கூட வேலை செய்கிற செட்டு ஆட்கள் பன்னிரண்டு பேர் காதிலும் விழும்படி சொன்னாள்.

முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்குப் பிடித்த மழை ஐந்தரைக்குத்தான் விட்டது. ஆடி மாதத்தில் மரக்காணத்தில் அப்படி ஒரு மழை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பாத்திகளில் நன்றாக விளைந்து, திங்கட்கிழமை வாருவதற்கென்று விட்டுவைத்திருந்த உப்பு மொத்தமும் கரைந்துவிட்டது. கரையில் கீற்றுப் போட்டு மூடியிருந்த குவியல்கள் தப்பின. மூடாமல் கிடந்த இரண்டு குவியல்கள் ஆள் உயரத்திலிருந்து இடுப்புயரத்துக்கு இறங்கியிருந்தன. கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் தெளிந்த நல்ல தண்ணீர். உப்புக்காரனுக்கு நல்ல தண்ணீரைப் போலக் கெட்ட தண்ணீர் வேறு இல்லை. அதை வெட்டி வெளியே விட வேண்டும், சேற்றை மிதித்து இறுக்க வேண்டும், மறுபடியும் உப்புத்தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அது காய்ந்து பூக்கிற வரைக்கும் இரண்டு வாரமாவது வாருவதற்கு உப்பு இருக்காது.

"ஏம்பா அசோகா, சனிக்கெழம பெருமுக்கல் பக்கம் போயி என்னா பாட்டு பாடின நீ?" என்று கேட்டாள் ராசம்மாள்.

"கோயில்ல பாடினேன். ஏங்க்கா?"

"கோயில்ல பாடின, சரி. என்னான்னு பாடின?"

அசோகன் தலையைச் சொறிந்தான். ராசம்மாள் இடுப்பிலிருந்து போனை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துத் தேடி, வீடியோவை அழுத்தினாள். இரண்டு நாளாக அது எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்த வீடியோதான். சீரியல் விளக்குக்குக் கீழே, ரோஸ் கலர் சட்டையில் அசோகன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான்.

*கருக்கல் மேகமே, கடல விட்டு ஏறி வா,*
*கால் கடுத்து நிக்குது கொல்ல, கொஞ்சம் கூடி வா,*
*மல்லாட்டப் பூவெல்லாம் வாய் பொளந்து கெடக்குது,*
*மாமன் ஊட்டு விருந்து போல மெதுவா வந்து உக்காரு.*

"கடல விட்டு ஏறி வான்னு கூப்புட்ட. வந்துடுச்சி பாரு. உப்பு வாரித் தின்றவன் மழைய கூப்புடுவானா? வலக்காரன் கடல் வத்திப் போன்னு பாடுவானா? உனக்கு அறிவு இருக்குதா?"

"மெதுவா வந்து உக்காருன்னுதாங்க்கா பாடியிருக்கேன். பாட்ட முழுசா கேளு."

"அது எங்க முழுசா கேட்டுச்சி? நீ மொத வரி பாடுனதுமே எழுந்து ஓடியாந்துடுச்சி."

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வாரக் கூலி தண்ணீராக நிற்கும்போது யாருக்குச் சிரிப்பு வரும்? அசோகன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரப்போடு நடந்தான். அவன் மனைவி அமராவதி காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனாள்.

முகம் தொங்கியது நிஜம். ஆனால் உள்ளே நடந்தது வேறு. அசோகனுக்கு உள்ளே குளுகுளு என்றிருந்தது. அப்படி இருப்பது தப்பு என்றும் தெரிந்தது. தெரிந்தும் அடங்கவில்லை.

இருபத்தைந்து வருஷமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவன் அவன். ஆடிக்கு அம்மன் பாட்டு, கல்யாணத்துக்கு நலங்குப் பாட்டு, சாவுக்குச் சாவுப் பாட்டு, தேர்தல் வந்தால் கூப்பிட்ட கட்சிக்கு ஒரு பாட்டு. மகள் பள்ளிக்கூடத்தில் மிச்சம் வைத்த நோட்டுகளில் பின் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருவான். அத்தனை வருஷத்தில் அவனுக்குக் கிடைத்த பாராட்டு என்ன? "மைக் செட்டு சூப்பரா இருந்துச்சி" என்பார்கள். "சட்டை எங்க எடுத்த?" என்பார்கள். சோறு பிசைந்துகொண்டே "நல்லாத்தான் பாடின" என்பார்கள். அந்த 'தான்' அவனை ஒரு வாரம் தூங்கவிடாது. கூடக் கீபோர்டு வாசிக்கிற அந்தோணிராஜ், சர்ச்சில் வாசித்துப் பழகிய நல்ல கைக்காரன், ஒரு தடவை "ரெண்டாவது சரணத்துல கொஞ்சம் எறங்கிடுச்சிண்ணே" என்று சொன்னான். அவனோடு அசோகன் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அந்தச் சரணத்தை மாற்றினான். மாற்றியதை அந்தோணிராஜிடம் சொல்லவில்லை.

இந்த மழைப் பாட்டு அமராவதியின் தம்பி சகாதேவன் கேட்டு வாங்கியது. பெருமுக்கல் மலைக்குக் கீழே அவனுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைதான். பூ விட்ட நேரத்தில் மழை இல்லாமல் செடி சுருண்டு நின்றது. கூழ் ஊற்றுகிற அன்றைக்கு மழைக்கென்று ஒரு பாட்டுப் பாடினால்தான் ஆச்சு என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட கையோடு போனும் செய்துவிட்டான்.

"மாமா! கொல்லைல தண்ணி நிக்குது மாமா! ஊரே உன் பேரத்தான் சொல்லுது. ஆடிக் கடேசில உன்ன கூப்புட்டு மால போடணும்னு பேசிக்கினு இருக்காங்க."

அது சந்தோஷம்தான். ஆனால் மச்சான் ஊர்க்காரன் மாலை போடுவதற்கு என்ன பெரிய கஷ்டம்? ராசம்மாள் திட்டியதுதான் அசோகனுக்குள் இறங்கியது. அவளுக்கு இரண்டு வாரக் கூலி போயிருக்கிறது. கூலியைப் பறிகொடுத்தவள் வாயிலிருந்து வந்த பேச்சு அது. அவ்வளவு விலை கொடுத்து யாரும் அவன் பாட்டை நம்பியது கிடையாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேஸ்திரி பாலகுரு மொபெட்டில் வந்து வாசலில் நின்றான். அமராவதி அப்போதுதான் கத்தரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பைக் கூட்டி வைத்திருந்தாள். உள்ளே வாங்க, சாப்பிடுங்க என்றதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

"வெள்ளிக்கெழம மிதிக்க ஆரம்பிக்கிறோம்ணே. தண்ணி வடிஞ்சிடும்."

"சரி, வந்துடறோம்."

பாலகுரு மொபெட்டின் கைப்பிடியைத் தடவினான். "அதான்... பொம்பளைங்க ஒரு மாதிரி பேசறாங்க. நீ பாத்தில கால் வெச்சா அவங்க வெக்க மாட்டாங்களாம். ராசம்மா அக்காதான் மொதல்ல. அப்பறம் எல்லாம் சேந்துக்கிச்சிங்க. நான் ஒன்னும் சொல்லலண்ணே. எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் கெடையாது. ஆனா ஆளு வேணும் இல்ல?"

"எத்தினி நாளைக்கி?"

"இந்த சீசன் போவட்டுமே."

உப்பளத்தில் ஜோடியாகத்தான் வேலை. ஆண் பலகை போட்டு உப்பை வாருவான், பெண் கூடையில் சுமந்து கரையில் கொட்டுவாள். அவன் இல்லை என்றால் அவளும் இல்லை. சீசன் முடிய இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. அதை விட்டால் அடுத்த தை மாதம் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இதையெல்லாம் பாலகுருவும் அறிவான். அதனால்தான் மொபெட் எஞ்சினை அணைக்காமலே பேசிவிட்டுப் போனான்.

அமராவதி குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"நீ ஏன் ஒன்னுமே சொல்லல?"

"என்னா சொல்றது?"

"வியாழக்கெழம நம்ம பொண்ணு கீதா, அவ போன்ல வந்த மெசேஜ உனக்குக் காட்டினாளா இல்லையா? ஞாயித்துக்கெழம இடி மழன்னு போட்டிருந்துச்சே. படிச்சிட்டு எங்கிட்டயும் சொன்னியே. நீ பாடுனது சனிக்கெழம. பாடறதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே மழ வரேன்னு சொல்லிடுச்சி. அத சொன்னா முடிஞ்சி போச்சி."

"வானிலைக்காரன் தெனமும்தான் போடறான், ஓரிரு இடங்கள்ல மழன்னு. எவன் நம்பறான்?"

"இப்ப நம்புவாங்க இல்ல?"

"சொல்லிக்கலாம்."

"எப்ப? சீசன் முடிஞ்சப்பறமா?"

அசோகன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பப் பார்த்தான். அமராவதி வாசற்படியை மறித்து உட்கார்ந்துகொண்டாள். அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிற முகம்.

"யோவ், உனக்கு ஆசையா இருக்குதா?"

"என்னா ஆசை?"

"உன்னாலதான் மழ வந்துச்சின்னு ஊரு பேசறது."

அசோகன் சட்டைப் பித்தானைத் திருகினான். அவளுக்கு அது போதும்.

"அடப்பாவி மனுசா! வேல போவுது. அந்த ராசம்மா வாயில உழுந்து எழுந்திரிக்கிறேன். தெருவுல போனா, மழக்காரன் பொண்டாட்டி போறான்னு கூனிமேட்டு மீன்காரி வரைக்கும் சிரிக்கிறா. இவரு உள்ளுக்குள்ள குளுந்துக்கினு இருக்காரு!"

"அமரா, நான் சொல்றத கேளு."

"சொல்லு."

"இருவத்தஞ்சி வருசமா பாடறேன். ஒருத்தனாவது என் பாட்ட கேட்டு ஒன்னு பண்ணியிருக்கானா? குடிக்காதன்னு பாடினேன். பாடி முடிச்சதும் எனக்கே ஊத்திக் குடுத்தானுங்க. பொண்ண படிக்க வைன்னு ஒரு கல்யாணத்துல பாடினேன். அந்தக் கல்யாணத்துப் பொண்ணுக்கே பதினேழு வயசு. ஒன்னும் நடக்கல. நல்லாருக்குது, நல்லாருக்குது. அவ்ளோதான். இப்பதான் மொத மொதலா ஒருத்தி வந்து, நீ பாடினதால நடந்துச்சின்னு சொல்றா. திட்டித்தான் சொல்றா. இருந்துட்டுப் போவட்டுமே. அத நானே போயி, இல்லக்கா, என் பாட்டுல ஒன்னும் இல்ல, அது சும்மா வந்த மழன்னு சொல்லணுமா? எப்பிடி சொல்லுவேன்?"

அமராவதிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, ஆத்திரம் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

"உன் பாட்டுக்கு இருக்கிற மரியாத உன் வயித்துக்கு இருக்குதா?" என்றாள். எழுந்து போய்ச் சோற்றைப் போட்டாள். கருவாட்டுத் துண்டெல்லாம் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

மகள் கீதாஞ்சலி சாயங்காலம் வந்தாள். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு இ-சேவைக் கடையில் அவளுக்கு வேலை. நாள் பூராவும் ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று ஆதாரம் கேட்டு ஆதாரம் கேட்டு, எதற்கும் ஒரு தாள் இருந்தால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அவளுக்கு வந்திருந்தது. அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டாள். பாதியில் அப்பா குறுக்கே வந்ததைக் கேட்கவில்லை.

"மெசேஜ் இருக்குது. தேதி, டைம் எல்லாம் இருக்குது. நான் பாத்துக்கறேன்."

"வேணாம் கீதா. வுட்டுடு."

"யப்பா, தப்பு பண்ணாதவரு நீங்க. உங்கமேல ஏன் பழி போடணும்? நான் போயி கேக்கறேன்."

மகள் தனக்காகச் சண்டைக்குப் போகிறாள். அவளிடம் என்னவென்று சொல்லி நிறுத்துவது? அமராவதியிடம் சொன்னதை இவளிடம் சொல்ல அசோகனுக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் வேலைக்குப் போகிற வழியில் கீதாஞ்சலி ஸ்கூட்டியை உப்பளத்துப் பக்கம் திருப்பினாள். பெண்கள் அன்று பம்பு கொட்டகைக்குப் பக்கத்தில் பழைய கீற்றுகளைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தார்கள். அசோகன் சைக்கிளை மிதித்துப் பின்னாலேயே வந்தான். அளத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்களே. அதனால் ரோட்டோரம் உப்பு லாரி ஒன்றின் நிழலில் நின்றுகொண்டான். உப்பளத்தில் மரம் மட்டை எதுவும் கிடையாது. பேச்சு கேட்காவிட்டாலும் ஆட்கள் நிற்பதும் திரும்புவதும் கையை ஆட்டுவதும் துல்லியமாகத் தெரியும்.

கீதாஞ்சலி போனை நீட்டினாள். ராசம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாயிற்று. பிறகு பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். போன் ஒரு சுற்று போனது. கீதாஞ்சலி விரலை மடக்கி வியாழன், வெள்ளி, சனி என்று எண்ணிக் காட்டினாள்.

பிறகு சிரிப்பு வந்தது. முதலில் ஒருத்தி, அப்புறம் எல்லாரும். காற்று கடலிலிருந்து ரோட்டுப் பக்கமாக வீசிக்கொண்டிருந்ததால் சிரிப்பு முழுசாக அசோகனிடம் வந்து சேர்ந்தது. ராசம்மாள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"அதான பாத்தேன்! நம்ம அசோகன் பாட்டுக்கு மழ வருமா? கூட்டமே வராது!"

அசோகன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டான். திட்டு வாங்கின அன்றைக்கு உள்ளுக்குள் நிமிர்ந்து நடந்தவன், பழி தீர்ந்த அன்றைக்குக் குனிந்துகொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அளத்தில் எல்லாரும் அவனிடம் அன்பாக இருந்தார்கள். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. முழங்கால் வரை சேறு ஏற, வரிசையாக நின்று மிதித்தார்கள். முதலில் கால் பொதபொதவென்று இறங்கும். மிதிக்க மிதிக்கத் தரை இறுகும். ஒன்பது மணிக்குக் கரையேறித் தூக்குச்சட்டியைத் திறந்தபோது ராசம்மாள் தன் மாங்காய் ஊறுகாயை எடுத்து அவன் சோற்றில் வைத்தாள்.

"தப்பா நெனச்சிக்காதப்பா. ஆத்தரத்துல பேசிட்டேன். உன் பாட்டுல ஒரு மண்ணும் இல்லன்னு உன் பொண்ணு காட்டிடுச்சி."

"அதனால என்னாக்கா," என்றான் அசோகன். ஊறுகாயைச் சோற்றின் ஓரத்துக்குத் தள்ளினான்.

அன்றிலிருந்து அவன் பாடுவதை விட்டான். யாரிடமும் சொல்லிவிட்டு விடவில்லை. குளிக்கும்போது முணுமுணுப்பு இல்லை, சைக்கிளில் போகும்போது விசில் இல்லை. நோட்டு அலமாரி மேலேயே கிடந்தது. அந்தோணிராஜ் ஒரு நாள் வந்து, "அண்ணே, அந்த மழப் பாட்டு மெட்டு நெஜமாவே நல்ல மெட்டு. ரெண்டாவது சரணம்கூட நின்னுச்சி" என்றான். வேறு சமயமாக இருந்தால் அதை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பான். "ம்" என்றான். மாலை போட நாள் குறிக்கச் சகாதேவன் இரண்டு தடவை போன் செய்தான்.

"வேலை இருக்குதுடா. அப்பறம் பாக்கலாம்."

"ஊரே எதிர்பாக்குது மாமா."

"அவங்களுக்கு வெவரம் தெரியாது," என்று சொல்லிப் போனை வைத்தான்.

அமராவதிக்குப் பயமாக இருந்தது. வீட்டில் இத்தனை அமைதியை அவள் பார்த்ததில்லை. ஒரு நாள் கீதாஞ்சலியிடம், "நாம அவர காப்பாத்தினமா, கெடுத்தமான்னு தெரியலடி" என்றாள்.

"நான் உண்மையத்தானம்மா சொன்னேன்."

"உண்மதான். அதுக்கென்னா இப்ப."

உப்புத்தண்ணீர் பாய்ச்சிப் பத்து நாளில் பாத்திகளில் உப்பு ஏடு கட்டியது. பதினாலாம் நாள், ஆவணி பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை, உப்பு வாரத் தொடங்கினார்கள். விடியற்காலையிலேயே வெளிச்சம் உப்பில் பட்டுக் கண் கூசியது. கடலுக்கு மேலே சின்னதாக ஒரு மேகம் நின்றது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அசோகன் பலகையைப் பாத்திக்குள் நீட்டி இழுத்தான். உப்பு சரசரவென்று வந்து ஓரத்தில் சேர்ந்தது. நீட்டுவான், இழுப்பான், நீட்டுவான், இழுப்பான். கைக்கு அது இருபது வருஷப் பழக்கம். மனசு எங்கேயோ இருந்தது. தன்னை அறியாமல் அவன் வாய் திறந்தது.

"கருக்கல் மேகமே... கடல விட்டு ஏறி வா..."

சத்தமாகக் கூட இல்லை. இழுப்புக்கு ஒரு வரி, அவ்வளவுதான். இரண்டாவது வரிக்கு வந்தபோது பக்கத்து வரப்பில் கூடை விழுகிற சத்தம் கேட்டது.

"ஏய்! நிறுத்து! நிறுத்துப்பா!"

ராசம்மாள் தலையிலிருந்த கூடையைக் கீழே போட்டுவிட்டு நின்றாள். உப்பு வரப்பில் சிதறிக் கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நெற்றியில் கை வைத்துக் கடல் பக்கம் அந்த மேகத்தைப் பார்த்தாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் நின்று வானத்தைப் பார்த்தார்கள். பலகை போட்டுக்கொண்டிருந்த ஆண்கள்கூட நிமிர்ந்தார்கள்.

பாலகுரு கரையிலிருந்து கத்தினான். "ஏங்க்கா, பாட்டுக்கு மழ வராதுன்னு அந்தப் பொண்ணு போன்ல காட்டிச்சி. நீதான மொதல்ல சிரிச்ச?"

"சிரிச்சேன். அதுக்கென்னா இப்ப? போனுக்கு என்னா தெரியும்? வேற எதனா பாடச் சொல்லு. நூறு பாட்டு வெச்சிருக்கான் இல்ல. இந்த ஒன்னு வேணாம். உப்பு கரையேறட்டும், அப்பறம் பாடிக்கட்டும்." அவள் அசோகன் பக்கம் திரும்பினாள். கோபமெல்லாம் இல்லை, கெஞ்சுகிற குரல்தான். "உனக்குப் புண்ணியமா போவும் அசோகா. அந்தப் பாட்ட மட்டும் எடுக்காத."

"சரிக்கா," என்றான் அசோகன். "எடுக்கல."

அவன் குனிந்து பலகையை நீட்டினான். கண்ணில் தண்ணீர் முட்டியதை உப்புக் காற்று என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது சந்தோஷம்தான். இருபத்தைந்து வருஷத்துக்கும் சேர்த்து அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அமராவதி கூடையை அவன் காலடியில் வைத்தாள். மற்றவர்களுக்குக் கேட்காமல், "இப்ப போதுமா?" என்றாள்.

அவன் உப்பை வாரி வாரி அவள் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தான். கூடை நிறைந்து, கோபுரமாகி, விளிம்பில் வழிந்தது.

"யோவ், இவ்ளோ போட்டா நான் எப்பிடியா தூக்கறது?" என்றாள் அமராவதி.